ஆஸ்பத்திரிச் செலவில் வறுமைக் கோட்டைத் தாண்டிய கதை

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வில் பொருளாதாரம் எழுதுகிறவர்கள் வறுமை அளவீட்டைத் தள்ளிவிட முடியாது. முதல் தடவை நான் வறுமைக் கோட்டை வகுத்த கமிட்டிகளை வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டேன்: 1979 அலக், 1993 லக்டாவாலா, 2009 டெண்டுல்கர், 2014 ரங்கராஜன். தேறவில்லை. யார், எப்போது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். எந்த அளவுகோல் எதை விட்டுவிடுகிறது என்று கேட்டால் முழிப்பேன்.

அடுத்த தடவை, மூணாறில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டையே கணக்கில் போட்டுப் பார்த்தேன்.

டெண்டுல்கர் முறையில் 2011-12க்கு அகில இந்தியக் கிராமத்துக் கோடு ஆளுக்கு மாதம் 816 ரூபாய். வருமானத்தை அல்ல, செலவைத்தான் பார்ப்பார்கள். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த வருஷம் வட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டினோம். அந்தப் பணமும் செலவுதானே? காகிதத்தில் அந்த வருஷம் நாங்கள் மேலே ஏறிவிட்டோம்! வீட்டில் மீன் வாங்குவதையே நிறுத்தியிருந்தோம் என்பது வேறு விஷயம். இதைப் போட்டுப் பார்த்த ராத்திரிதான் பாடம் எனக்குப் புரிந்தது.

சரி, செலவைப் பார்க்காமல் வீட்டின் குறைகளை எண்ணும் பன்முக வறுமைக் குறியீட்டுக்கு வருவோம். மத்திய அரசின் நிதி ஆயோக் கணக்கில் 12 குறியீடுகள். ஆரோக்கியம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூன்றுக்கும் சம பங்கு. ஆரோக்கியத்துக்குள் ஊட்டச்சத்துக்கு 1/6, குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் இறப்புக்கு 1/12, தாய்நலத்துக்கு 1/12. வாழ்க்கைத்தரத்தில் ஏழு, தலா 1/21. குறைகளின் கூட்டு 1/3ஐத் தொட்டால் அந்த வீடு ஏழை வீடு.

எங்களுக்கு விறகடுப்பு ஒரு 1/21, பக்கத்து வீட்டோடு பங்கு போடும் கழிப்பறை இன்னொரு 1/21. அவ்வளவுதான், ஏழை இல்லை. அம்மாவுக்கோ ரத்தசோகை. கொழுந்துப் பையோடு மேடேறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். ஊட்டச்சத்துக் குறியீடு பார்ப்பது எடையும் உயரமும்தான், ரத்தத்தை அல்ல. அதுவும் பெண்களில் 15 முதல் 49 வயது வரைதான். அம்மாவுக்கு 52. 2023 அறிக்கையில் கேரளத்தில் ஏழைகள் 0.55 சதவீதம் என்று வந்ததை நான் பொய் என்று சொல்லமாட்டேன். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஏழைகளின் தலையை எண்ணினால் மட்டும் போதாது என்ற அமர்த்தியா சென்னின் வாதத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு போடுங்கள். கோடு 1000 ரூபாய். ஒருவருக்கு 900, இன்னொருவருக்கு 400. நானூறு ரூபாய்க்காரரிடம் நூறைப் பிடுங்கி மற்றவருக்குக் கொடுத்தால் ஏழைகள் இரண்டிலிருந்து ஒன்றாகிவிடுவார்கள்! தலைக்கணக்கு விகிதத்தின் ஓட்டை இதுதான். கோட்டுக்கு ஒவ்வொருவரும் எவ்வளவு கீழே என்று பார்க்கும் வறுமை இடைவெளியோ முன்பும் பின்பும் மொத்தம் 700தான், குறையவே இல்லை. அது எதற்கு என்று அப்புறம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வருஷங்களை மட்டும் உருப்போட்டே ஆகவேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. சென் குறியீடு 1976, ஃபாஸ்டர்-கிரீர்-தோர்பெக் மூவரின் வறுமை அளவுகோல் 1984, உலகப் பன்முகக் குறியீடு 2010. காலையில் அம்மாவோடு, தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரை நடக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவேன். கூட வருகிற அக்காமார் சிரிப்பார்கள். கடைசியில் அவர்களுக்கும் 1976 மனப்பாடம்.