வண்டி எதன் மேலோ ஏறி இறங்கியது

ஜூலை 8, செவ்வாய்
8:10 கிளம்பினேன். கன்டெய்னர் யார்டு 9:35. யாரையாவது இடித்துவிட்டேனோ என்று நான்கு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஜூலை 10, வியாழன்
8:10 – 9:20. மூன்று தடவை.
கன்டெய்னர் நம்பரில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மட்டும் தனியாக ஒரு கட்டத்துக்குள் இருக்கும். முன்னால் இருக்கிற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் அது வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ தப்பு. பதினோரு வருஷமாக எழுதுகிறேன், இன்றைக்குத்தான் அந்தப் பெட்டிகளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. தான் சரிதானா என்பதைத் தன் முதுகிலேயே எழுதிக்கொண்டு நிற்கின்றன.
கன்டெய்னர் கதவில் நம்பர் போட்டு மாட்டுகிற சீல், ஒன்றையே ஏழு போட்டோ எடுத்தேன். "இன்னா, கல்யாண ஆல்பமா?" என்றார் சூப்பர்வைசர். ஆனால் இதுவரை என் ஷிப்டில் ஒரு சீல் நம்பர் தப்பியதில்லை. வியாதிக்குச் சம்பளம் தருகிற வேலை.

ஜூலை 12, சனி
ஒருவழியாக ஓபி சீட்டு வாங்கிவிட்டேன். அம்மாவிடம் சொன்னதும் "கீழ்ப்பாக்கமாடா?" என்று தலையில் கை வைத்தாள். 1794இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி, எங்கள் தெருவில் இன்னும் அது ஒரு திட்டு. இது கீழ்ப்பாக்கம் இல்லம்மா, பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் போகிறோமே, அதே இடம்தான் என்றேன். அப்போதும் மஞ்சள் துணியில் காசு முடிந்தாள்.
வியாதி எவ்வளவு என்று பார்க்கப் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரை மார்க், ஏற ஏற வியாதி அதிகம். 40க்கு எனக்கு 27. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு வாங்கியதில்லை.
ஓசிடி, அதாவது வேண்டாத நினைப்பு விடாமல் துரத்துகிற இந்த வியாதி, கை கழுவுகிறவர்களுக்குத்தானே சார் என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். கை கழுவுவது, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது, சாமியைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று தவிப்பது, வண்டியில் யாரையோ இடித்துவிட்டோமோ என்று திரும்பிப் போவது, பெற்ற பிள்ளையை நாமே ஏதாவது செய்துவிடுவோமோ என்று நடுங்குவது, எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றார்.
கடைசியாகச் சொன்னதற்கு நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 16, புதன்
மாத்திரை, செர்ட்ரலின் 50. வயிற்றைப் புரட்டுகிறது. மெல்ல மெல்ல ஏற்றுவார்களாம். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட இதற்கு அதிகம் வேண்டியிருக்கும், முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்றார் டாக்டர். பன்னிரண்டு வாரம் என்றால் அக்டோபர். 8:10 – 9:40. ஐந்து.

ஜூலை 19, சனி
சைக்காலஜிஸ்ட் மேடம். என்னைவிட வயது குறைவு.
"திரும்பிப் போய்ப் பார்த்தால் நிம்மதி வருதா?" வருகிறது. "எவ்வளவு நேரம்?" அடுத்த ஸ்பீட் பிரேக்கர் வரை.
2003இல் வந்த ஓர் ஆராய்ச்சி பற்றிச் சொன்னார், நெதர்லாந்தில் செய்தது. கம்ப்யூட்டரில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி, மூடியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்களாம். ஓசிடி இல்லாத ஆட்கள்தான். கடைசியாக எந்தக் குமிழ்களைப் பார்த்தீர்கள் என்று கேட்டபோது சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் தங்கள் ஞாபகத்தின் மேலேயே அவர்களுக்கு நம்பிக்கை குறைந்துபோயிருந்தது. காட்சியும் மங்கலாகிவிட்டது.
வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே யோசனை. சந்தேகம் வந்ததால் பார்த்தேன் என்றுதானே இத்தனை நாளும் நினைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்
8:10 – 9:25. நான்கு. காய்கறி நறுக்க மாட்டேன் என்றதற்கு வீட்டில் சண்டை.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை
எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட வேண்டும். மறந்துவிட்டால்?
6:20க்கு யார்டிலிருந்து கிளம்பினேன். திருவொற்றியூரில் கடைகளுக்குத் திருஷ்டி சுற்றி ரோட்டில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். பின்னால் டிரெய்லர், ஒதுங்க இடமில்லை. டயர் வழுக்கி, ஏறி, இறங்கியது. பூசணி என்று தெரியும். கண்ணால் பார்த்தேன். நூறடி தள்ளி நிறுத்திக் குனிந்தால் மட்கார்டில் சிவப்பு.
குங்குமம். குங்குமம்தான். விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். கற்பூர வாசனை கூட இருந்தது. திரும்பிப் போனேன். பூசணி அப்படியே நசுங்கிக் கிடந்தது, பக்கத்தில் பாதி எலுமிச்சம்பழம், ஒற்றை ரூபாய்க் காசு. சரி என்று கிளம்பினேன். பூசணி ஏறியது உண்மை, அதற்கு முன்னால் ஏறியது என்ன? திரும்பினேன். ஆறு தடவை. நான்காவது தடவை டீக்கடைக்காரர் "காசு ஏதாவது வுட்டுட்டியா, தலைவா?" என்று தேடித் தர எழுந்தே வந்துவிட்டார்.
அப்புறம் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்றைக்கு இந்த ரோட்டில் ஆக்சிடென்ட் ஏதாவது என்று கேட்டேன். ஏன் கேட்கிறாய் என்றார் காவலர். பதில் சொல்லத் தெரியவில்லை. வாயை ஊதச் சொன்னார்.
வீட்டுக்கு வந்தபோது 9:50.

ஜூலை 25, வெள்ளி
இரவு 1:40. மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். யாரையும் இடிக்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு
துவைக்கும்போது வீட்டுக்காரி என் சட்டைப் பையிலிருந்து பூசணி விதை எடுத்தாளாம். "இது எதுக்குங்க?" சாட்சிக்கு என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 2, சனி
வீட்டுக்காரியையும் கூப்பிட்டிருந்தார் மேடம். நான் ராத்திரி கேட்பேன்: "நான் யாரையும் இடிக்கலைல்ல?" இவள் சொல்வாள்: "இல்லைங்க." ஒரு நாளைக்கு இருபது தடவை. அந்த "இல்லைங்க"வும் வண்டியைத் திருப்புவதும் ஒன்றுதான் என்றார் மேடம். இனி "தெரியாது" என்று சொல்ல வேண்டுமாம். இவள் தலையைக் குனிந்துகொண்டு "பாவமா இருக்கே மேடம்" என்றாள்.
எனக்கு: அதே ரோடு, அதே ஸ்பீட் பிரேக்கர். ஏறு, இறங்கு, போ. கண்ணாடி பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க, விழுந்தவனைத் தேட இல்லை. பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று எழுது. திரும்பாதே. இடித்தேனா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலே டீ குடி, சீல் நம்பர் எழுது, ஒரு போட்டோ போதும்.
1966இல் விக்டர் மேயர் என்பவர் லண்டனில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினாராம். ஓயாமல் கழுவுகிற நோயாளியின் அறைக்குத் தண்ணீரையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் குழாய் தானாகவே நின்றுவிடும், மேயர் தேவையில்லை என்றேன். மேடம் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

ஆகஸ்ட் 4, திங்கள்
8:10 – 8:58. ஒன்று. பயம் 90. முட்டுக்காலிட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
8:10 – 9:30. நான்கு. நேற்று எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி
ராத்திரி கேட்டுவிட்டேன். "தெரியாதுங்க" என்றாள். மறுபடி கேட்டேன். "தெரியாது." காலில் விழாத குறை. "பாப்பா மேல சத்தியமா சொல்லு" என்று கத்தினேன். எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வெளியே வந்து முகம் துடைத்துக்கொண்டு, மறுபடி "தெரியாது" என்றாள்.
எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
கூழ் ஊற்றினார்கள். காலையிலிருந்து ஸ்பீக்கர். இரண்டு சொம்பு குடித்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்
மேடத்திடம் பாப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டேன், கத்தி, ராத்திரி, எல்லாம். முகம் மாறவே இல்லை அவருக்கு. "இதுக்குத்தான் காய் நறுக்கறதில்லையா?" என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்
மாத்திரை 150. வயிறு பரவாயில்லை. 8:10 – 8:50. பூஜ்யம். பயம் 60, காசிமேடு தாண்டும்போது 40. மீன் நாற்றம் தெரிந்தது. இந்த ரோட்டில் எனக்கு மீன் நாற்றம் தெரிந்து எத்தனை மாதம்?

ஆகஸ்ட் 30, சனி
பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கினேன். பயம் 85. ஒரு காயை அவள் தின்றுவிட்டாள்.

செப்டம்பர் 6, சனி
40க்கு 17. அம்மா முடிச்சை அவிழ்த்துக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டாள். அவள் கணக்கில் இது முனீஸ்வரன் வேலை.
இந்த நோட்டை மேடம் புரட்டிப் பார்த்தார். பயம் எழுதியிருப்பதை விட்டுவிட்டு நேரங்களின் மேல் விரல் வைத்தார். "8:10, 8:50. இதை எழுத நான் சொல்லலையே?" இல்லை மேடம், சும்மா ஒரு கணக்கு. "எப்பவாவது திருப்பிப் பார்ப்பீங்களா?"
தினமும். நாற்பது நிமிஷத்தில் வந்து சேர்ந்திருந்தால் நடுவில் எதுவும் நடந்திருக்க முடியாது, அதற்காகத்தான்.
அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

செப்டம்பர் 8, திங்கள்
8:10 கிளம்பினேன்.