பழைய நார்மல், புதிய நார்மல்

பரிசோதனைக் கூடத்தில் எண்ணைத் தருவதுதான் என் வேலை. அது நல்லதா கெட்டதா என்று சொல்வது டாக்டர் பாடு. ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் 'நார்மல்' என்று ஒரு வரம்பை அச்சடிக்கிறோமே, ஜனங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சர்க்கரை நோய் பார்க்கப் பலருக்குச் சிறுநீர்ப் பரிசோதனைதான். 5 மில்லி பெனடிக்ட் என்ற நீல நிறக் கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், நீலம் அப்படியே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று போகப் போக அதிகம். ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் இறங்கும் என்பதால், நீலத்தைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் சுகர் இருந்ததோ!

ரத்தத்தில் சர்க்கரையை அளக்க ஃபோலின்-வூ என்ற முறை. அது வேறு சில பொருட்களையும் சர்க்கரையோடு சேர்த்து அளந்துவிடும், எண் சற்றுக் கூடுதலாகவே வரும். பெரியவர்கள் இன்றும் சொல்லும் '80லேர்ந்து 120' அந்த முறைக்கான வரம்பு. முறை போய்விட்டது, எண் மட்டும் ஊர் வாயில் நின்றுவிட்டது.

1980இல் உலக சுகாதார நிறுவனம் வைத்த கணக்கில் வெறும் வயிற்றில் 140 வந்தால்தான் நீரிழிவு. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126 ஆக்கியது. கண் விழித்திரை 140க்கு முன்பே கெட ஆரம்பிப்பது தெரிந்ததுதான் முக்கியக் காரணம். எங்கள் ரிப்போர்ட்டும் மாறியது. "போன தடவையும் இதே 130தானே தம்பி, அப்ப ஒண்ணும் சொல்லலியே?" என்று கவுன்டரில் நின்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. இருந்தாலும் அந்த மாற்றம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

2003இல் அதே சங்கம் நார்மலின் மேல் எல்லையை 110லிருந்து 100க்கு இறக்கியதில் எனக்கு அவ்வளவு சம்மதமில்லை. உலக சுகாதார நிறுவனம் 110லேயே நின்றுவிட்டது. அதனால் 104 வந்தவர் ஒரு லேபில் நார்மல், எதிர் லேபில் 'பார்டர்'. அந்தப் பயத்திலேயே சோற்றைக் குறைத்தவர்கள் உண்டு. சரி, அது நல்லதுக்குத்தான்.

எல்லாம் இறங்கிக்கொண்டேதான் போனது என்றும் சொல்ல முடியாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற அளவை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பார்த்த அக்கார்ட் என்ற ஆய்வில், அப்படிக் கடுமையாகக் குறைத்த குழுவில் இறப்பு கூடியதால் 2008இல் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள். இப்போது தள்ளாத வயதில் 8 வரை இருக்கலாம் என்று டாக்டரே விட்டுவிடுகிறார். எங்கள் ரிப்போர்ட்டில் மட்டும் 7.8 தடித்த எழுத்தில்தான் வருகிறது. அம்மாவுக்கு மாத்திரை கூட்டணுமா என்று மகன்கள் எங்களிடம்தான் வந்து கேட்கிறார்கள்.