அடிவானத்தில் ஒரு சாம்பல் பொட்டு

நான் சிட்னிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஆனால் சிட்னியை முதலில் பார்த்தது பாளையங்கோட்டையில், நம் பள்ளி டிராயிங் ஹாலில், 1974-ல். ஒரு சுவரை அடைத்துத் தொங்கிய எம்டன் படம் உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும்.

வரைந்தது டிராயிங் சார்வாள்தான். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வச்சிரம் காய்ச்சிப் பூசி, அதன்மேல் ஆயில் பெயிண்ட். ஹாலுக்குள் நுழைந்தாலே டர்பன்டைன் வாடை அடிக்கும். எம்டன் என்ற பேர் எங்களுக்குப் புதுசில்லை. சேட்டை செய்தால் ஆச்சி, “சரியான எம்டன்லா இவன்!” என்பாள். அது 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் என்பது சார்வாள் சொல்லித்தான் தெரியும்.

சென்னையை அவர் வரையவில்லை. ராத்திரியும் நெருப்பும் யார் வேண்டுமானாலும் வரையலாம் என்பார். அவர் எடுத்துக்கொண்டது அதே வருஷம் நவம்பர் 9 காலை, இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுப் பக்கம். முன்புறம் எம்டன். மூன்று புகைபோக்கிகளில் ஒன்று போய்விட்டது, முன்பக்கக் கொடிமரம் ஒடிந்து கடலில் தொங்குகிறது. சுற்றிலும் குண்டு விழுந்து எழும்புகிற தண்ணீர்.

“சார்வாள், இன்னொரு கப்பலை எங்க?”

பிரம்பை எடுத்து வலது மேல் மூலையைக் காட்டினார். அடிவானத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சாம்பல் பொட்டு. ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதுதானாம். எங்களுக்குச் சப்பென்று போய்விட்டது. சண்டை என்றால் இரண்டு கப்பலும் முட்டிக்கொள்ள வேண்டாமா?

“ஏலே, எம்டன் பீரங்கி வாய் பத்தரை சென்டிமீட்டர். அவன்கிட்ட ஆறு அங்குலம். வேகமும் அவனுக்குத்தான் ஜாஸ்தி. கை நீளமானவன் எதுக்குல கிட்ட வரணும்?”

முதலில் குறிபார்த்து அடித்தது எம்டன்தான். சிட்னியின் தொலைவு அளக்கும் கருவியே அதில் போயிற்று. அப்புறம் சிட்னி எட்டி நின்று அடிக்க ஆரம்பித்தது. எம்டனில் செத்தவர்கள் 130 பேருக்கு மேல், சிட்னியில் 4 பேர். கடைசியில் எம்டனின் கேப்டன் முல்லர் தன் கப்பலை வடக்கு கீலிங் தீவுப் பாறையில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்.

கோகோஸ் கடலைச் சார்வாள் எங்கே கண்டார்? சனிக்கிழமை பஸ் ஏறி மணப்பாடு போய், கோயில் மேட்டுக்குக் கீழே உட்கார்ந்து கலர் பார்த்துவிட்டு வருவார். கரையோரப் பச்சை, தள்ளி நீலம், அதற்கும் அப்பால் ஒரு அழுக்கு ஊதா. தண்ணீர்த் தெறிப்பை மட்டும் தூரிகையால் போடாமல், கத்தியால் வெள்ளையை அள்ளி அப்பியிருந்தார். பாதி காய்ந்த அந்த மேட்டைக் கிள்ளிப் பார்க்காத பையன் கிடையாது. எம்டனின் பின்பக்கம் ஒரு துண்டு பெயர்ந்திருக்குமே, அது அடியேன் கைவரிசை. ஐம்பது வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே சிட்னி நகரில், ஹைட் பார்க் மூலையில் எம்டனின் பீரங்கி ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். வேலை தேடி அலைந்த நாளில் தற்செயலாகக் கண்டேன். மூடிய கை நுழையும் அளவுதான் வாய். இதை வைத்துக்கொண்டா ஆச்சியின் அடுக்களை வரை பேர் வாங்கினான் என்றிருந்தது. சிட்னி கப்பலின் கொடிமரம் பிராட்லிஸ் ஹெட் முனையில் நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். சார்வாள் நகக்கண் அளவுக்கு வைத்தது இதைத்தான்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது பள்ளிக்குப் போனேன். டிராயிங் ஹால் இப்போது கம்ப்யூட்டர் அறை. படம் விளையாட்டுச் சாமான் அறையில், ஹாக்கி மட்டைகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. திருப்பிக் கைக்குட்டையால் துடைத்தேன். எம்டன் பரவாயில்லை. வலது மேல் மூலையில்தான் பூஞ்சை பூத்துச் சாம்பல் பொட்டாக ஏழெட்டுக் கிடந்தது. கண்ணால் பார்த்து எது கப்பல் என்று சொல்ல முடியவில்லை. விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒன்று மட்டும் கொஞ்சம் மேடாகத் தட்டுப்பட்டது.