எரிச்சல் உள்ளேயா, வெளியேயா?

போன ஐப்பசியில் பல் பிடுங்கியதற்கு ஏழு நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். கோர்ஸ் முடிந்த இரண்டாம் நாளே பிறப்புறுப்பில் அரிப்பு. பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது. ராத்திரி படுத்தால் தூங்கவிடாது. சிறுநீர் கழித்தால் சுரீரென்று எரியும்.

"உடம்புச் சூடுதாண்டி" என்று அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். நானோ யூரின் இன்பெக்‌ஷன் என்று முடிவுகட்டி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இன்னொரு பட்டை ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினேன். கூடவே வாசனை சோப்பு போட்டு நாளைக்கு மூன்று தடவை கழுவல். அரிப்பு இன்னும் கூடியது.

நான்காம் நாள் உள்ளாடையில் வெள்ளை. மாதாமாதம் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வருமே, அது இல்லை. திரிந்த பாலை வடிகட்டினால் துணியில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அப்படித் திட்டுத்திட்டாக. முகர்ந்தும் பார்த்தேன் (வேறென்ன செய்வது), நாற்றமே இல்லை. கண்ணாடி பிடித்துப் பார்த்தால் சிவந்து வீங்கி, தோலில் மெல்லிய வெடிப்புகள்.

டாக்டரம்மா முதலில் கேட்டதே, "எரிச்சல் உள்ளேயா, இல்லை மூத்திரம் பட்டதும் வெளியேயா?" யோசித்துப் பார்த்தேன். வெளியேதான். அடிக்கடி முட்டிக்கொண்டு வரவும் இல்லை, அடிவயிற்று வலியும் இல்லை. அப்படியானால் யூரின் இன்பெக்‌ஷன் மாதிரி தெரியவில்லை என்றார். அட, இதை நானே கவனித்திருக்கலாமே!

பஞ்சுக் குச்சியில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, கேண்டிடா என்ற பூஞ்சை என்றார். பல பெண்களுக்கு அது சும்மாவே உள்ளே இருக்குமாம். அதை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் கொன்றதும் பெருகிவிடுகிறது. நான் இரண்டாம் பட்டை வேறு போட்டிருக்கிறேன்! மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் தண்ணியாகப் போனாலோ, மஞ்சள் பச்சையாக நுரைத்தாலோ அது வேறு நோய், மருந்தும் வேறு என்றார். கர்ப்பமா என்று கேட்டுக்கொண்டார். சுகர் இருந்தால் திரும்பத் திரும்ப வரும் என்று டெஸ்ட் எழுதினார், எனக்கு நார்மல்.

பூஞ்சைக்கான மருந்து க்ளோட்ரிமசோல் 100 மில்லிகிராம், ஆறு இரவு உள்ளே வைக்கும் மாத்திரை. கடைப் பையன் அதைப் பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, முடிச்சும் போட்டுத் தந்தான். முதல் நாள் காலையில் வெள்ளையாக வடிந்ததும் பயந்துபோனேன், கரைந்த மாத்திரைதான். மூன்றாம் இரவு நன்றாகத் தூங்கினேன். அரிப்பு நின்றாலும் ஆறையும் முடித்தேன்.

வெந்தயத்தில்தான் சரியானது என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.