பேஸ் கிட்டாருக்குப் புது பிக்கப் போட்டாச்சு மக்களே

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் கன்வென்ஷன் மேடைகளில் என்கூடவே வர்ற ஜாஸ் பேஸ் வகை கிட்டார் அது. கம்பியோட அதிர்வை மின் சிக்னலா மாத்துற பிக்கப் அதுல ரெண்டு. ரெண்டு பிக்கப்பும் முழு வால்யூமில் இருந்தா அமைதி. ஒண்ணைக் குறைச்சா உடனே 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ரெண்டு பிக்கப்போட காயிலையும் (கம்பிச் சுருள்) எதிரெதிரா சுத்தி, காந்தமும் திருப்பி வச்சிருக்கும். சமமா இருந்தாத்தான் ஒண்ணோட இரைச்சலை இன்னொண்ணு அடிக்கும். எனக்கோ பிரிட்ஜ் பிக்கப் (கம்பி முடியிற பிரிட்ஜ் பக்கம் இருக்கிறது) தனியா வேணும், அந்த உறுமல் அங்கதான் இருக்கு.

அதனால ஒவ்வொரு பிக்கப்பிலும் காயில் ரெண்டா பிரிச்ச வகையை எடுத்தேன்; ஒரே பிக்கப்புக்குள்ளயே ஒரு பாதியோட இரைச்சலை இன்னொரு பாதி அடிச்சிடும். 1957-ல் ஃபெண்டர் கம்பெனி அதோட பிரிசிஷன் பேஸ் கிட்டாரில் கொண்டுவந்த யோசனைதான். காந்தம் அல்னிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்). செராமிக் என் காதுக்குக் கொஞ்சம் முரடு; பாட்டுக்குக் கீழே மெத்தென்று உட்காரணும் எனக்கு.

வாங்கப் போறவங்க அளந்துட்டுப் போங்க. ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பிக்கப், கழுத்துப் பக்கம் இருக்கிற நெக் பிக்கப்பை விடக் கொஞ்சம் நீளம். அதுக்கும் முன்னாடி, புதுக் கம்பி மாட்டி, பழைய பிக்கப்போட உயரத்தை ஸ்க்ரூவில் ஏத்தி இறக்கிப் பாருங்க. பாதிப் பேருக்கு அதுவே போதும்.

நேத்து ராத்திரி பிரிட்ஜை மட்டும் திறந்து ஈ (E) கம்பியைத் தட்டினேன். இரைச்சலே இல்லை. அவ்வளவு சந்தோஷம்!