வெள்ளிப் பிடி

2024 பெப்ரவரி 4, ஞாயிறு. கிளிநொச்சி

லண்டன் மச்சான் வந்து நிற்கிறார். எல்லாருக்கும் சொக்லேட், எனக்கு மட்டும் அங்கே பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய வெள்ளிப் பென்சில். சுண்டுவிரல் நீளம். வளையத்தைத் தள்ளினால் முனை வெளியே வருகிறது. உடம்பில் பொடி எழுத்தில் எஸ். மோர்டன் அன் கோ. இந்த வகைப் பென்சிலுக்கு 1822இல் ஹோக்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து காப்புரிமை எடுத்த அதே சாம்சன் மோர்டனின் கம்பனி.

லென்ஸை எடுத்து, பொடியாகக் குத்தியிருந்த வெள்ளி முத்திரைகளைப் பார்த்தேன். நடக்கிற சிங்கம்: ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை: லண்டன் முத்திரை. வெள்ளி வரி கட்டியதைக் காட்டும் இராணி தலை இல்லை. அந்த வரி 1890இல் நின்றுவிட்டது. பக்கத்தில் ஆங்கிலச் சின்ன ‘ஈ’. அது ஆண்டைக் காட்டும் எழுத்து, 1900க்கு உரியது. சோறு ஆறிவிட்டது என்று மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் எழும்பினேன்.

பெப்ரவரி 10, சனி

லென்ஸ் கையில் இருந்தால் சும்மா இருக்க முடியாது. போன வருடம் ஒரு கடையில் ‘அசல் வெள்ளி’ என்று வாங்கிய பேனாவையும் பார்த்தேன். ஈ.பி.என்.எஸ்.! நிக்கல் சில்வருக்கு மேலே வெள்ளி முலாம். நிக்கல் சில்வர் என்பது செம்பு, நாகம், நிக்கல், பெயரில்தான் சில்வர். கிளிப் உரசிய இடத்தில் மஞ்சளடித்ததை அன்றைக்கே கண்டேன், அழுக்கு என்று நினைத்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பெப்ரவரி 13, செவ்வாய்

மச்சான் பென்சிலை றப்பர் பாண்ட் போட்டுச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். அது கிடந்த இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. றப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளிக்கு அது ஆகாது. பஞ்சில் திருநீறு தொட்டு மெல்லத் துடைத்தேன். செதுக்கு வேலையின் பள்ளங்களில் இருந்த கறுப்பைத் தொடவில்லை. அதையும் எடுத்தால் பூவேலை தெரியாது.

மார்ச் 3, ஞாயிறு. முள்ளியவளை

ஒரு பரியாரியார் வீட்டில் வெள்ளி எழுத்தாணி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பரியாரியார் இல்லை, ஆச்சி இருக்கிறா.

“வெள்ளியெண்டு ஆர் சொன்னது? பிடியிலைதான் வெள்ளி. நுனியும் வெள்ளியெண்டால் எழுதேக்கை வளைஞ்சு போகுமெல்லே மோனை.”

மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் இரும்பு ஊசி, மறுபக்கம் ஓலை நறுக்கும் சின்னக் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். பிடியில் கொடி வேலை, விரல் படும் இடத்தில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. முத்திரை எதுவும் இல்லை. லென்ஸை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தது.

வைத்தியம் எழுதிய வாகட ஏடுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தனவாம். 2009இல் புதுக்குடியிருப்போடு போய்விட்டன. இது மட்டும் ஆச்சியின் மடியில் கிடந்து தப்பியது. இப்போது காலில் முள் ஏறினால் எடுக்க உதவுகிறது.

விலை கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. பரியாரியாரின் இடது பெருவிரல் நகத்தில் ஊசி ஊன்றுவதற்கு ஒரு பள்ளம் இருக்குமாம். ஊன்றிய இடம் அசையாது, ஓலையைத்தான் நகர்த்துவாராம். ஆச்சி தன் விரலை மடக்கி இரண்டு முறை காட்டினா.

மார்ச் 9, சனி

சிவராத்திரி விழித்த கண் எரிகிறது. ஆனாலும் அயல் வளவு வடலியில் ஓலை வெட்டி, சாக்கு ஊசியால் கீறிப் பார்த்தேன். ‘ட’ நார் வழியே பிளந்தது. ‘ல’ தாங்கியது. ‘ல்’ எழுதப் போய்ப் புள்ளியில் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. பழைய ஏடுகளில் ஏன் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. விளக்குக் கரி பூசித் துடைக்க எழுத்துத் தெரிந்தது. வேட்டியிலும் தெரிகிறது.

அடுத்த ஞாயிறு ஆச்சியிடம் கொண்டுபோக வேண்டும். இடது பெருவிரல் நகத்தை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.