ஒரு வருஷமா, அஞ்சு வருஷமா

ஜூலை 4
பயாப்ஸி ரிசல்ட் வந்துவிட்டது. அண்ணன் ஃபைலைத் தன் பையில் வைத்துக்கொண்டான். அம்மாவிடம் சொல்லியிருப்பது: வயிற்றில் புண்.

ஜூலை 5
டிரிப்ஸ். வேறொன்றுமில்லை.

ஜூலை 7
தூக்கம் வராமல் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரை எடுத்தேன். 1945 அக்டோபரில் பாரிஸில் அவர் ஆற்றிய உரை. போர்க்காலத்தில் ஒரு மாணவன் யோசனை கேட்டு வருகிறான். அவன் அண்ணன் 1940இல் ஜெர்மன் தாக்குதலில் செத்துப்போனான். அப்பா எதிரியோடு ஒத்துப்போகிற பக்கம் சாய்ந்தவர். அம்மாவுக்கு இவன் ஒருவன்தான். இவனுக்கோ இங்கிலாந்து போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர வேண்டும். போய்ச் சேருவானா, சேர்ந்தாலும் ஏதாவது ஆபீஸில் ஃபாரம் நிரப்ப உட்கார வைத்துவிடுவார்களா, யாருக்குத் தெரியும்? சார்த்தர் சொன்ன பதில்: நீ சுதந்திரமானவன், நீயே முடிவு செய்.

நல்ல வாத்தியார்! கல்லூரியில் படித்தபோது சிலிர்த்தது. இப்போது எரிச்சல்தான் வருகிறது.

ஜூலை 8
அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். கேன்டீன் சட்னிக்குத் தேங்காயைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார்களாம். நர்ஸ் சிரித்துவிட்டார். நல்ல நாள்.

ஜூலை 9
போஸ்ட் ஆபீஸ் டெபாசிட் இந்த மாதம் முடிகிறது. "திரும்ப ஒரு வருஷத்துக்குப் போடவா, அஞ்சு வருஷத்துக்கா? அஞ்சுக்குத்தான வட்டி ஜாஸ்தி?"

"பாக்கலாம்மா" என்றேன்.

மாமா, சித்தி, அண்ணன் எல்லாருக்கும் ஒரே பேச்சு: சொன்னா தாங்க மாட்டா.

ஜூலை 10
அன்று எரிச்சலில் தாண்டிப்போன இடம். யாரிடம் யோசனை கேட்கப் போகிறோம் என்பதிலேயே முடிவு இருக்கிறது என்கிறார் சார்த்தர். பாதிரியாரைத் தேடிப் போகிறவனுக்கு, அவர் என்ன சொல்வார் என்று ஏறக்குறையத் தெரியும். அண்ணன் மாமாவிடம் கேட்டான். பெரியம்மா மகள் நர்ஸ், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவளுக்கு யாரும் போன் போடவில்லை.

ஜூலை 11
கீமோவுக்கான ஃபாரம் முழுக்க ஆங்கிலம். அண்ணன் கையெழுத்துப் போட்டான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "என் வயித்துக்கு நீ எதுக்குடா கையெழுத்துப் போடற?"

ஜூலை 13
சார்த்தரின் வாழ்நாள் தோழி, எழுத்தாளர் சிமோன் தி பொவ்வாரின் அம்மாவுக்கும் இதேதான். 1963. குளியலறையில் விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்குப் புற்றுநோய் என்று தெரிகிறது. அவரிடம் பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயிற்று உள்சவ்வில் அழற்சி, என்று சொல்லி வைக்கிறார்கள். சுதந்திரத்தைப் பற்றி அத்தனை எழுதிய மகளும் கட்டிலருகே உட்கார்ந்து அந்தப் பொய்க்கு உடந்தை. அடுத்த வருஷமே அதை மறைக்காமல் எழுதினார். எனக்கு இது ஆறுதலா கோபமா, தெரியவில்லை. அந்த அம்மா யாரிடமும் டெபாசிட் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்.

தாங்குவாளா மாட்டாளா என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். பணம் யாருக்கு, பழனிக்கு ஒருமுறை போக வேண்டுமா, கீமோ வேண்டுமா வேண்டாமா, எல்லாம் அவள் சொல்ல வேண்டியது. ஆபரேஷனுக்கு முன் வளையலைக் கழற்றி வாங்கிக்கொள்வது மாதிரி அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டோம்.

ஜூலை 14
லிஃப்ட் ஓடவில்லை.

ஜூலை 15
டெபாசிட் ஃபாரம் வாங்கிவரச் சொன்னாள். கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர், முகவரி எல்லாம் தானே எழுதினாள்.

"எத்தன வருஷம்னு நாளைக்கு டாக்டர்ட்டயே கேட்டுக்கறேன்."

ரவுண்ட்ஸ் பத்து மணிக்கு. அதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டும். அண்ணனிடம் கேட்கப் போவதில்லை.